தியோமான் ஸ்நோர்க்கலிங் பயணத்தில் ஏமாற்றம்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

ஈசூன் அம்மா:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போய் வந்தோம். தங்குமிடம், போக்குவரத்து, வழிகாட்டியோடு ஒருநாள் ஸ்நோர்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடி கடலுக்கடியைப் பார்ப்பது) எல்லாம் சேர்த்து இங்கே சிங்கப்பூரில் ஒரு பயண நிறுவனத்திடம் எடுத்தோம். மெர்சிங் வரை கோச், அப்புறம் ஃபெர்ரி, எதிலும் குறையில்லை. கடலில் இறங்கிய நாள்தான் மனதை உறுத்துகிறது.

நிரலில் போட்டிருந்தது ரெங்கிஸ், சாலாங், துலாய் என்று மூன்று இடம். படகு ரெங்கிஸில் மட்டும் நின்றது. அங்கே ஒரே கூட்டம், தண்ணீரும் கலங்கல். "அலை பெரிசு" என்று மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். அதே காலையில் எங்கள் ரிசார்ட்டிலிருந்து வேறு படகில் போனவர்கள் துலாயில் ஆமை பார்த்துவிட்டு வந்து படம் காட்டினார்கள்!

என் மகனுக்கு எட்டு வயது. அவனுக்குக் கொடுத்ததோ பெரியவர்களுடைய லைஃப் ஜாக்கெட். தண்ணீரில் இறங்கியதும் காது வரை ஏறிவிட்டது. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து, பயத்தில் அலறினான். வழிகாட்டி படகில் உட்கார்ந்தபடி ரொட்டியைப் பிய்த்து மீன்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பணத்தைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று நிறுவனம் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டினோம். அடுத்து என்ன செய்யலாம்?

ஜூரோங் அண்ணன்:
தங்கச்சி, கலங்கல் தண்ணீரையும் கூட்டத்தையும் புகாரிலிருந்து எடுத்துவிடுங்கள். மழை பெய்தாலே கரையோரம் கலங்கிவிடும், அதற்கு யாரிடமும் காசு கேட்க முடியாது. எழுதிக் கொடுத்த இடங்களைக் காட்டாததும், பிள்ளைக்கு அளவான ஜாக்கெட் இல்லாததும்தான் அவர்கள் தலையில் விழும்.

வானிலைச் சாக்கை உடைக்க அந்தத் துலாய் படங்கள் போதும். எடுத்த நாளும் நேரமும் தெரிகிற மாதிரி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரம் அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

முழுத் தொகையையும் கேட்க வேண்டாம். ஸ்நோர்க்கலிங் பங்கை மட்டும், கெடு வைத்து, எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் (CASE) போங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். வக்கீல் வைக்க அனுமதி இல்லை, நீங்களே பேசலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். குறையுள்ள பொருளை விற்றால் கேட்க வழி செய்யும் லெமன் சட்டம் பொருள்களுக்கு மட்டுமே, இதற்கு உதவாது.

செங்காங் ராணி:
கார்டில் கட்டியது நல்லதாய்ப் போயிற்று. "சொன்ன சேவை கிடைக்கவில்லை" என்று வங்கியில் டிஸ்பியூட் போடுங்கள், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆட்சேபம் எழுதுங்கள். அதற்குக் கெடு உண்டு, பயனீட்டாளர் சங்கத்தின் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த நிறுவனத்துக்குப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஈசூன் அம்மா:
ரொம்ப நன்றி. இன்னொன்று: கடல் என்றாலே வேண்டாம் என்கிறான் மகன். ஆமைகளைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை.

பாசிர் ரிஸ் முக்குளிப்பவன்:
அக்கா, அவன் பயந்தது கடலுக்கு இல்லை, அந்த மாஸ்க்குக்கு என்று நினைக்கிறேன். சிறுவர் அளவில் ஒன்று சொந்தமாக வாங்கிக் கொடுங்கள். கடையிலேயே வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் பொருத்தம். நடுவில் முடி சிக்கினாலும் தண்ணீர் புகும். பிறகு நீச்சல் குளத்தில், கால் தரையில் எட்டுகிற ஆழத்தில், முகத்தை மட்டும் முக்கி மூச்சு விட்டுப் பழகட்டும். அவசரப்படுத்தாதீர்கள். பழக்க வேண்டும் என்று சிஸ்டர்ஸ் தீவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். அங்கே பவளம் அருமை, ஆனால் நம் கடல் பெரும்பாலும் கலங்கல், பயந்த பிள்ளைக்கு ஒத்துவராது.

ஜாக்கெட்டின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடையைத் தாண்டினால் பெரிது. கால்களுக்கிடையே போடும் வார் இருந்தால் நல்லது. வழிகாட்டி தண்ணீரில் இறங்குவாரா, ஒருவருக்கு எத்தனை பேர் என்று அடுத்த முறை முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மீனுக்கு ரொட்டி போடுகிற ஆளோடு போகவே வேண்டாம், பவளப்பாறைக்கு அது கெடுதல். தியோமானுக்கு மார்ச் முதல் அக்டோபர் வரைதான் சரி, அதன் பிறகு பருவக்காற்று.

ஈசூன் அம்மா:
படங்கள் டாக்குமென்டாக வந்துவிட்டன, நேரம் காலை 10.40. வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இன்றே அனுப்பிவிட்டேன். மாஸ்க் வாங்க சனிக்கிழமை அவனையும் கூட்டிப் போகிறேன்.