பள்ளி விட்டதும் நாம் போய்ச் சேரும் வரை பிள்ளை யாரிடம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம் வகுப்புச் சிறுமியின் அம்மா:

பள்ளி முடிந்ததும் என் மகள் ஒரு காப்பகத்தில் இருப்பாள். நான் போய்ச் சேர ஆறரை ஆகிவிடும். வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்திருக்கும், கையெழுத்தும் அழகாக இருக்கும். நல்ல இடம் என்று நானே நாலு பேருக்குச் சொன்னேன். ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து நாலரைக்கே போய் நின்றேன். முப்பது பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண், அவரும் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "உங்க பொண்ணு பேரு என்ன மேடம்?" என்று கேட்டார். என் மகள் அவருக்கு முன்னால் இரண்டாவது வரிசையில்தான் இருந்தாள். காலையில் போட்ட ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முப்பது பிள்ளைகளை ஒற்றை ஆளிடம் விட்டால் அவர் என்னதான் செய்வார்? அன்று இரவு தேடிப் படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிடும் வழிகாட்டியில், 6 முதல் 8 வயது வரை 10 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 12 வயது வரை 12 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது.

அடுத்த இடம் தேடும்போது முதலில் கேட்டதே, "இங்கே வேலை பார்ப்பவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்?" என்றுதான். மூத்தவர் ஆறு வருடம் என்றார்கள். முதல் நாள் அவர் என் மகளிடம், "பையை மாட்ட உனக்குப் பிடித்த கொக்கியை நீயே எடுத்துக்கோ" என்றார். ஜன்னல் ஓரத்துக் கொக்கியை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தூரத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள், ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். காட்டினோம். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். வீட்டில் எங்கள் யார் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டது.

பதினொரு வருடமாகக் காப்பகத்தில் வேலை செய்பவர்:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது அக்கா. நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையை மறுபடியும் உட்கார வைப்பது பெரிய கொடுமை. எங்களிடம் வந்ததும் தண்ணீர், அப்புறம் ஓட்டம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பிள்ளைகளுக்கு அது கிடைப்பது எங்கள் முற்றத்தில் மட்டும்தான். ஆனால் கூட்டிப்போக வரும் பெற்றோர் பெரும்பாலும் வாசலிலேயே கேட்பது, "ஹோம்வொர்க் முடிஞ்சுதா?"

எங்கள் ஆட்கள் நிலைக்காததற்குக் காரணம் இதுதான்: ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேர வேலை, அந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. முழுநாள் வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். பிள்ளை மறுபடியும் ஒரு புது முகத்தோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து பள்ளியில் பேசி, எங்களில் இரண்டு பேருக்குக் காலையில் நூலக வேலை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு பேரும் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.

பன்னிரண்டு வயதுப் பையனின் அப்பா:

என் பையன் "சின்னப் பசங்களோடு உட்கார மாட்டேன்" என்று தினமும் சண்டை. பொறுப்பாளர் ஒரு பழைய சைக்கிளைக் கொண்டுவந்து அவனையும் இன்னும் மூன்று பேரையும் அதோடு விட்டார். முதல் வாரம் செயினைக் கழற்றி மாட்டுவது, அடுத்த வாரம் பிரேக், அப்புறம் பஞ்சர். இப்போது நான் சீக்கிரம் போனால் "இன்னும் பத்து நிமிஷம்பா" என்கிறான், கையெல்லாம் கிரீஸ். சும்மா ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், படிப்படியாக, கையால் செய்ய வைத்து, அதற்கென்று நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தால்தான் பலன் தெரியும் என்றார் அவர். டர்லாக், வைஸ்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் குழு, பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு நடத்தும் நிகழ்ச்சிகள் பற்றிய பல ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்துச் சொன்னதும் இதையேதானாம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமியின் அம்மா:

அந்த நூலக வேலைக்கு யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா? எங்கள் இடத்தில் அந்த மூத்தவர் வேறு வேலை தேடுவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு நாளாக அதே நினைப்புதான்.

பதினொரு வருடமாகக் காப்பகத்தில் வேலை செய்பவர்:

முதலில் அவரிடமே பேசுங்கள் அக்கா, இருக்க விருப்பமா, காலையில் எத்தனை மணி நேரம் முடியும் என்று. எங்கள் பெற்றோர்கள் ஏழு பேர் சேர்ந்து, எத்தனை பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேராகக் காப்பகத்துக்கு வருகிறார்கள் என்று பெயரோடு ஒரு கடிதமாக எழுதி எடுத்துக்கொண்டுதான் தலைமை ஆசிரியரைப் பார்த்தார்கள். இரண்டாவது சந்திப்பில் சம்மதித்தார். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, பெயர்களை எடுத்துவிட்டு நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.