‘குளோரியா’ (2013): சப்டைட்டில் முந்துது

தருமபுரி வாசகர் வட்டத்துல நடுவயசுக் காதல் பத்தி ஒரு ஸ்பானிஷ் படம் போடணும். சிலி நாட்டு ‘குளோரியா’ சரிப்படுமா? தமிழ் சப்டைட்டில் ஆரம்பத்துல பொருந்துது, போகப்போக முந்திடுது.

பதில் 1: சப்டைட்டில் கோப்பு நொடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடுற வீடியோவுக்குச் செஞ்சது, உங்க வீடியோ நொடிக்கு 23.976 போல. மணிக்கு இரண்டரை நிமிஷம் முந்தும். விஎல்சி வீடியோ பிளேயர்ல ஜி, எச் விசைகளைத் தட்டுறது வீண், அது எல்லா வரியையும் ஒரே அளவு மொத்தமாத்தான் நகர்த்தும். ‘சப்டைட்டில் எடிட்’ங்கிற மென்பொருள்ல ஃபிரேம் வேகத்தை மாத்தி, யூடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியீட்டு முறையில சேமிங்க. இல்லன்னா தமிழ் பூரா கேள்விக்குறி.

பதில் 2: தாராளமா போடலாம், ஆனா பெரியவங்களுக்கு மட்டும், நிர்வாணக் காட்சிகள் உண்டு. குளோரியாவா வர்ற பவுலினா கார்சியா, பெர்லின் திரைப்பட விழாவுல சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது வாங்கின நடிப்பு. தன் மகள்கள் போன் அடிச்சா எழுந்து ஓடுற அவளோட காதலன் ரொடோல்ஃபோதான் சிக்கலே. வில்லன் தேடாதீங்க.

கேட்டவர்: ஃபிரேம் மாத்தினதும் சரியாச்சு, நன்றிங்க.