புது ஸ்லைடர் 900 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டது: தவறு எங்கே?

வெண்சுவடு எழுதியது:

வணக்கம். என் மேசைமேல் இரண்டு கறுப்புப் பட்டைகள் கிடக்கின்றன. பனிமேல் ஓடும் வண்டியான ஸ்நோமொபைலில், டிராக் எனும் சுழலும் ரப்பர் பெல்ட்டுக்கு உள்ளே இருக்கும் ரெயிலின் அடியில் செருகும் ஸ்லைடர்கள். இந்தப் பனிப்பருவத்தின் தொடக்கத்தில்தான் புதிதாகப் போட்டேன். 900 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் இடப்பக்கத்துப் பட்டை தேய்மானக் கோட்டைத் தாண்டிவிட்டது. வலப்பக்கத்தது கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

வண்டி பழையது, இன்னொருவர் கையிலிருந்து வாங்கியது. காற்றால் குளிரும் எஞ்சின். நான் போட்ட முதல் ஜோடியும் இப்படித்தான் அற்பாயுளில் போனது. மட்டமான சரக்கு என்று நினைத்து இந்த முறை கிராஃபைட் கலந்ததைத் தேடி வாங்கினேன். அதற்கும் இதே கதி.

பட்டைகளைக் கழற்றிப் பார்த்ததில் கண்டவற்றைச் சொல்கிறேன். இடப்பட்டையின் உள்விளிம்பு கத்திபோல் கூராகியிருக்கிறது. நகத்தால் கீறினால் சுருள் சுருளாக உரிகிறது. அதன் நடுப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு லேசான பள்ளம். இரண்டு பட்டைகளின் அடிப்பரப்பும் கண்ணாடிபோல் மினுங்குகின்றன. ஓரத்தில் பிளாஸ்டிக் உருகி வழிந்து மீசைபோல் உறைந்திருக்கிறது.

இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பருவத்தின் தொடக்கத்தில் டிராக் சற்றுத் தொங்கலாக இருப்பதுபோல் தோன்றியதால் பின் அச்சின் திருகுகளை நன்றாக இறுக்கினேன். எதையும் அளக்கவில்லை, கைக்கணக்குதான். மற்றொன்று, போன மாதம் உறைந்த ஏரியின்மேல் ஆறேழு கிலோமீட்டர் நேராக ஓட்டினேன். பனியே இல்லாத வெறும் பாளம். வாணலியின் கைப்பிடி கருகுவதுபோல் ஒரு வாசனை வந்தது. படம் எடுப்பதற்காக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், வண்டி கட்டிப்போட்டதுபோல் நின்றது. கொஞ்சம் அதிகமாக முடுக்கியதும் 'டப்' என்று ஏதோ விட்டு நகர்ந்தது. டிராக்கில் ஒட்டிய பனிக்கட்டி என்று நினைத்து வந்துவிட்டேன்.

இதைவிட உறுதியான ஸ்லைடர் கிடைக்கிறதா? அல்லது கோளாறு வேறெங்காவது இருக்கிறதா? அடுத்த ஜோடியையும் காவு கொடுக்க மனமில்லை.

---

பழையசாவி எழுதியது:

தம்பி, நீங்கள் பனிக்கட்டி என்று நினைத்தது உங்கள் ஸ்லைடரைத்தான். ஏரியில் உருகிய பிளாஸ்டிக், வண்டி நின்றதும், டிராக்கின் உள்பக்கம் ஸ்லைடரை உரசி ஓடும் உலோகக் கிளிப்புகளோடு ஒட்டி இறுகிவிட்டது. அந்த 'டப்' சத்தம் அது பிய்ந்த சத்தம். கிளிப்புகளைத் தடவிப் பாருங்கள், கறுப்பாக ஏதாவது படிந்திருக்கும். சுரண்டி எடுக்காமல் புதுப் பட்டை போட்டால் அரத்தில் தேய்ப்பதற்குச் சமம்.

உறுதியான சரக்கு தேடுவதை முதலில் நிறுத்துங்கள். இந்தப் பட்டைகள் பெரும்பாலும் மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலி கொண்ட பாலிஎத்திலீன். உராய்வைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள்தான். ஆனால் ஏறத்தாழ 135 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெளியே இருபது டிகிரி உறைகுளிர் இருந்தாலும், இரும்புக் கிளிப் உரசிக்கொண்டே ஓடும் அந்த ஒரு விரல் அகலத்தில் சூடு ஏறத்தான் செய்யும். அதைத் தணிப்பது டிராக் வாரி உள்ளே எறியும் பனி. அது உருகி நீராகிக் கிளிப்புக்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லிய படலமாக நிற்கும்வரை தேய்மானம் மிகக் குறைவு. பனி நின்றால் எண்ணெய் இல்லாத எஞ்சினை ஓட்டுவதுபோல்தான். கிராஃபைட் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே.

உங்கள் வண்டிக்கு இதில் ஒரு துரதிர்ஷ்டமும் உண்டு. நீரால் குளிரும் எஞ்சின்களில் வெப்பமாற்றி டிராக்குக்கு மேலே இருக்கும். அதையும் குளிர்விப்பது இதே பனிதான். பனி போதவில்லை என்றால் எஞ்சின் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும், ஓட்டுபவர் பயந்து ஓரத்துப் பனிக்கு ஒதுங்குவார். ஸ்லைடரும் பிழைக்கும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்தக் கவலையே கிடையாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கீழே பட்டை வெந்துகொண்டிருக்கும். உங்களுக்கு எச்சரிக்கை விளக்கு உங்கள் மூக்குதான். அது எரிந்தும் நீங்கள் நிற்கவில்லை!

இனி அந்தப் பட்டைகளைப் படிப்போம். நீங்கள் விவரமாக எழுதியதால் சொல்கிறேன், உங்களிடம் இருப்பது ஒரு நோயல்ல, மூன்று.

மினுங்கும் பரப்பும் உருகிய மீசையும் சூட்டின் வேலை. ஏரி ஒரு காரணம், நீங்கள் இறுக்கிய டிராக் மற்றொரு காரணம். டிராக் இறுகினால் கிளிப்புகள் பட்டையை இன்னும் அழுத்தும். எஞ்சினின் சக்தியும் வீணாகும். கைக்கணக்கு இதில் உதவாது. என் வண்டியின் கையேட்டில், பின்புறத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, டிராக்கின் கீழ்ப்பகுதி நடுவில் 7.3 கிலோ எடையைத் தொங்கவிட்டு, ஸ்லைடருக்கும் கிளிப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்கிறார்கள். எனக்கு 30 முதல் 35 மில்லிமீட்டர். உங்கள் மாதிரிக்கு எடையும் வேறு, அளவும் வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். அளப்பதற்கு முன் கால் மணி நேரமாவது பனியில் ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்து விறைத்த டிராக் பொய்க் கணக்குக் காட்டும். அதற்காக மிகவும் தளர்த்திவிடவும் கூடாது. தளர்ந்த டிராக், இயக்கும் பல்சக்கரத்தின்மேல் ஏறிக் குதிக்கும்.

இடப்பட்டையின் உள்விளிம்பு மட்டும் கூராகியிருப்பது, டிராக் நேராக ஓடவில்லை என்பதன் அடையாளம். கிளிப்பின் மடிப்பு ஒரு பக்கமாகவே உரசியிருக்கிறது. நீங்கள் இரண்டு திருகுகளையும் ஒரே அளவுக்கு இறுக்கியிருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். பின்புறத்தை உறுதியான தாங்கியில் தூக்கி வைத்து, டிராக்கை மெதுவாகச் சுழலவிட்டு, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்க விடுங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இரு பக்கமும் கிளிப்புக்கும் ஸ்லைடருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எந்தப் பக்கம் நெருக்கமோ அந்தப் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். கால் சுற்று கால் சுற்றாகப் போங்கள், ஒவ்வொரு முறையும் சுழலவிட்டுப் பாருங்கள். டிராக் சுழலும்போது வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. அதிலிருந்து தெறிக்கும் ஒரு சிறு கல் போதும்.

மூன்றாவது அந்த ஒரு சாண் பள்ளம். எனக்கு அதில்தான் சந்தேகம் அதிகம். அந்தப் பள்ளத்துக்கு நேரே, ரெயிலின் பக்கத்தில் எந்தச் சக்கரம் இருக்கிறது? அதைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

ஓரப்பனி எழுதியது:

பழையசாவி ஐயா எல்லாம் சொல்லிவிட்டார், ஆனால் ஸ்க்ராச்சரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை! கடினமான பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் முதல் மருந்து. ரெயிலில் பொருத்தும் வளையும் கம்பி. முனை பனிக்கட்டியைக் கீறிக்கொண்டே வரும், கீறிய தூளை டிராக் வாரி உள்ளே அனுப்பும். நான் பொருத்தி நான்கு பருவங்கள் ஆகின்றன. அதற்கு முன் பருவத்துக்கு ஒரு ஜோடி போட்டுக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் மாற்றினேன்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. விறைப்பான கம்பி வகையை இறக்கிவிட்டபடி பின்னோக்கி எடுத்தால் முனை தரையில் குத்தி வளையும், உடையவும் உடையும். எனக்கு இரண்டு உடைந்தன. எஃகு வடத்தால் ஆன வகை எந்தப் பக்கமும் மடங்கிக்கொடுக்கும். பின்னோக்கி அடிக்கடி எடுப்பவர்களுக்கு அதுவே நல்லது. ஆழமான பனிக்குப் போனால் தூக்கி மாட்டிவிடுங்கள், அங்கே அதற்கு வேலையில்லை.

---

பழையசாவி எழுதியது:

ஓரப்பனி, மறுக்கவில்லை, என் வண்டியிலும் இருக்கிறது. ஆனால் டிராக் கோணலாக ஓடும் வண்டிக்கு ஸ்க்ராச்சர் போட்டால் தேய்மானம் கொஞ்சம் மெதுவாகும், அவர் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவார். முதலில் நேராக்கட்டும். மேலும், வெறும் பாளத்தில் வேகமாகப் போனால் ஸ்க்ராச்சர் கொடுக்கும் தூள் போதாது. நான் அப்படிப்பட்ட ஏரியைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, தூவல் பனி தங்கிய திட்டுகளாகத் தேடி ஓட்டுவேன். திட்டே இல்லையென்றால் நிறுத்தி, டிராக்குக்குள் காலால் பனியைத் தள்ளிவிட்டுக் கிளம்புவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

---

ஈரக்கையுறை எழுதியது:

என் பட்டைகள் முன்புற வளைவில் மட்டும் கரைந்துகொண்டிருந்தன, மற்ற இடமெல்லாம் புதிதுபோல். முன் சஸ்பென்ஷன் எவ்வளவு விரியலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் வாரை நான் சுருக்கியிருந்தேன், திருப்பத்தில் ஸ்கீ (முன்னால் உள்ள சறுக்குக் கட்டை) நன்றாகக் கடிக்க வேண்டும் என்பதற்காக. அதனால் ரெயிலின் முனை டிராக்கை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு துளை நீட்டியதும் தீர்ந்தது. வெண்சுவடுக்கு இது பொருந்தாது என்றாலும், தேடி வரும் வேறொருவருக்கு உதவும்.

புதுப் பட்டை செருகும்போது: பழையதை உருவியதும் ரெயிலின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள் (கையுறை போட்டுக்கொண்டு). அலுமினியம் பிசிறு தட்டினால் அரத்தால் நைசாக்குங்கள். புதுப் பட்டையை முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள், குளிரில் விறைத்தது வளையாது. சோப்பு நீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். ஒருவர் டிராக்கின் துளை வழியாக வழிகாட்ட, இன்னொருவர் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். தனியாகச் செய்து நான் ஒரு பிற்பகல் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். முன் திருகை மாட்ட மறந்தீர்களானால் பட்டை ஓட்டத்தில் நழுவி வெளியே வந்துவிடும்.

---

வெண்சுவடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாலைப்பொழுதுகள் வண்டிக்கு அடியில் கழிந்தன.

ஐயா, பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். இடத்திருகும் வலத்திருகும் இரண்டரைச் சுற்று வித்தியாசத்தில் இருந்தன. டிராக்கின் இறுக்கத்தைக் கையேடு சொன்ன எடையைத் தொங்கவிட்டு அளந்தேன். இருக்க வேண்டிய தொய்வில் பாதிகூட இல்லை. தளர்த்தி, நேராக்கி, சுழலவிட்டு, மறுபடி நேராக்கி, ஏழெட்டு முறையாவது ஏறி இறங்கியிருப்பேன். கடைசியில் இரு பக்கமும் ஒரே இடைவெளி வந்தது.

பள்ளத்துக்கு நேரே இருந்த சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. இரு கைகளால் திருகியபோது மணலை அரைப்பதுபோல் கரகரத்துக் கால்வாசி நகர்ந்து நின்றுவிட்டது. பேரிங்கின் மூடியைப் பெயர்த்தால் உள்ளே கிரீஸ் இருந்த தடமே இல்லை, செம்பழுப்புத் துருப்பொடி கொட்டியது. சக்கரம் சுழலாமல் இழுபட்டே ஓடியிருக்கிறது. அதன் ரப்பர் விளிம்பில் ஒரு பக்கம் தட்டையாக மழித்துவிட்டதுபோல் இருக்கிறது. அந்தத் தட்டைப் பக்கம் கீழே நிற்கும்போது சக்கரம் தாங்க வேண்டிய பாரம் முழுக்க ஸ்லைடர்மேல் இறங்கியிருக்கும் என்று புரிந்துகொண்டேன். சரிதானே?

கிளிப்புகளில் நீங்கள் சொன்ன கறுப்புப் படிவு இருந்தது. வரிசையாகச் சுரண்டியபோது, ஒரு கிளிப் வளைந்தும் அடுத்தது இல்லாமலும் இருப்பதைக் கண்டேன். கிளிப் இல்லாத இடத்தில் பட்டை நேரே டிராக்கில் உரசிய தடம் தெரிகிறது. இரண்டையும் மாற்றிவிட்டேன்.

ஓரப்பனி சொன்ன வடவகை ஸ்க்ராச்சரையும் பொருத்திவிட்டேன். புதுப் பட்டையோடு முதல் நாள் தூவல் பனியில் மட்டும் 40 கிலோமீட்டர், நடுநடுவே நிறுத்தி, குனிந்து முகர்ந்து பார்த்து. என் மனைவி இதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

---

பழையசாவி எழுதியது:

சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். தட்டையான சக்கரத்தைத் திரும்பப் போடாதீர்கள், பேரிங் மட்டும் மாற்றுவது போதாது. சுற்றளவு குறைந்த சக்கரம் நன்றாகச் சுழன்றாலும் பாரம் தாங்காது.

அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்குமே, அதைப் பார்த்தீர்களா? ஒரே வயது, ஒரே நீரில் நனைந்தது. இப்போது சுற்றினாலும் பேரிங்கை மாற்றிவிடுங்கள். மற்ற சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு லேசாகக் கேட்டாலும் விடாதீர்கள். பின் அச்சின் நட்டையும் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், நேராக்கிய டிராக் மறுபடி நகர்வது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

படத்தை இங்கே போடச் சொல்லுங்கள்.