மூடிய தேவாலயத்தைக் கடைப் பகுதியாக மாற்றும் மனு: விசாரணையில் என்ன கேட்க வேண்டும்?

மூன்றாம் வீட்டுக்காரர்:
வணக்கம். பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகர எல்லைக்கு வெளியே ஒரு சிறு பரோவில் (தனி மன்றம் கொண்ட சிற்றூரில்) ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பங்குகள் (திருச்சபையின் வட்டாரப் பிரிவுகள்) ஒன்றிணைக்கப்பட்டபோது மூடப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று எங்கள் தெருமுனையில் நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சென்ற வாரம் அதன் படிக்கட்டுக் கைப்பிடியில் ஓர் அறிவிப்பைக் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் மழைநீர் இறங்கி, தேதியில் ஓர் எண் மட்டும் கரைந்துபோயிருந்தது. குடியிருப்புப் பகுதியாக உள்ள அந்த மனையை அக்கம்பக்க வணிகப் பகுதியாக மாற்றக் கோரும் மனு அது. வாங்கவிருப்பவர் பேக்கரியும் காபிக் கடையும் வைக்கப்போவதாக வீடு வீடாக வந்து, அழகான வரைபடத்தையும் காட்டிச் சென்றார். எனக்குப் பேக்கரியில் மறுப்பு இல்லை. ஆனால் காபிக் கடைதான் வரும் என்று விசாரணையில் எழுத்தில் வாங்கிவிட முடியுமா? எங்களுக்குத் தபாலில் ஏன் எதுவும் வரவில்லை?

வரைபடத்தார்:
நான் இதே மாநிலத்தில் வேறொரு பரோவின் திட்டக் குழுவில் சில ஆண்டுகள் தன்னார்வமாக இருந்தவன், வழக்கறிஞன் அல்லன். தபாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிட்ஸ்பர்க், பிலடெல்பியா நகரங்கள் நீங்கலாக இந்த மாநிலத்தின் ஊராட்சிகளை ஆள்வது 1968ஆம் ஆண்டின் நகராட்சித் திட்டமிடல் சட்டம். எந்த மனையில் எந்தப் பயன்பாடு என்று நிறங்களால் காட்டும் நிலப் பகுதி வரைபடத்தை மாற்றும்போது மாற்றத்துக்கு உள்ளாகும் மனையின் உரிமையாளருக்குத்தான் தபால் அனுப்பியாக வேண்டும் என்கிறது அது. பக்கத்து வீட்டாருக்கு அந்தச் சட்டம் விட்டுவைத்திருப்பது, விசாரணைக்கு ஒரு வாரத்துக்கு முன்பாவது மனையில் கட்டப்படும் அறிவிப்பும், அடுத்தடுத்த இரு வாரங்களில் செய்தித்தாளில் வரும் விளம்பரமும்தான். உங்கள் பரோவின் சொந்த விதி கூடுதலாகக் கேட்கலாம். எழுத்தரிடம் கேட்டுப் பாருங்கள். கரைந்துபோன தேதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. நிலப் பகுதி வரைபடத்தில் நிறம் மாறினால் அந்த மாற்றம் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாங்குபவரின் வாக்குறுதி ஒட்டாது. நாளை அவரே இன்னொருவருக்கு விற்றாலும், அந்தப் பகுதிக்குப் பரோவின் நிலப் பயன்பாட்டு விதிநூலில் அனுமதிக்கப்பட்ட எந்தத் தொழிலையும் புதியவர் தொடங்கலாம். ஆகவே வாங்குபவர் காட்டிய அந்த அழகான வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, அக்கம்பக்க வணிகப் பகுதிக்கு உங்கள் பரோவில் எவையெல்லாம் அனுமதி என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெயர் பல ஊர்களில் ஒன்றுபோல இருக்கலாம். உள்ளடக்கம் ஊருக்கு ஊர் மாறும்.

விசாரணையில் நீங்கள் முன்வைக்கக்கூடிய மாற்று வழி ஒன்று உண்டு. நிலப் பகுதி வரைபடத்தைத் தொடாமல், குடியிருப்புப் பகுதியிலுள்ள பழைய தேவாலயம், பள்ளி போன்ற கட்டடங்களை மறுபயன்பாட்டுக்கு விடுவதை நிபந்தனைப் பயன்பாடாக, அதாவது மன்றம் ஒவ்வொன்றாகப் பார்த்து நிபந்தனையோடு அனுமதிக்கும் பயன்பாடாக, விதிநூலில் சேர்க்கலாம். அப்போது திட்டம் மறுபடி பரோ மன்றத்தின் முன் வரும். கடை மூடும் நேரம், குப்பைத் தொட்டியின் இடம், விளக்கின் உயரம் ஆகியவற்றுக்குத் தக்க நிபந்தனைகளை மன்றம் சட்டப்படியே விதிக்கலாம். பகுதி மாற்றம் அப்படியன்று; அது சட்டமியற்றும் செயல் என்பதால் மன்றம் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், அவ்வளவே. ஒருவருடைய ஒரே மனையை மட்டும் தனித்தீவாக வெட்டி எடுத்து வணிகமாக்கினால், நீதிமன்றம் அதைத் தகுந்த காரணமற்ற தனிச் சலுகை என்று தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. அந்த மனை ஏற்கெனவே உள்ள கடைத்தெருவை ஒட்டியிருந்தால் இந்த வாதம் வலுவிழக்கும்.

பழைய செங்கல்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் ஒரு தாளை விட்டுவிட்டீர்கள்: கிரயப் பத்திரம். மறைமாவட்டம் தேவாலயத்தை விற்கும்போது இன்னின்ன பயன்பாடு கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைப்பது வழக்கம். திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் விதி, வழிபாட்டுக்கு இனி உதவாத கோயிலை உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம், ஆனால் அது இழிவானதாக இருக்கலாகாது என்கிறது. எது இழிவு என்பதில் கருத்து பலவாறு இருக்கும். பிட்ஸ்பர்க் லாரன்ஸ்வில்லில் 1902இல் கட்டப்பட்டு 1993இல் மூடப்பட்ட திருமுழுக்கு யோவான் ஆலயம் 1996இல் பீர் வடிக்கும் உணவகமாகத் திறக்கப்பட்டது. பீடம் இருந்த இடத்தில் செம்பும் எஃகுமான கொப்பரைகள் பளபளக்க, மக்கள் பழைய மரப் பெஞ்சுகளில் உட்கார்ந்து சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். முதல் தடவை எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை, கூரை நல்லபடியாக இருக்கிறதே என்று தோன்றியது. உங்கள் தேவாலயத்தின் பத்திரத்தில் மதுவுக்குத் தடை எழுதப்படுகிறதா என்று கேளுங்கள். தெருவில் உள்ள பலரின் அச்சம் அதிலேயே அடங்கிவிடக்கூடும்.

கடைக்கணக்கு:
எதிர்ப்பவர்கள் கட்டடத்தின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சூடேற்றாத கட்டடத்தில் குழாய் உறைந்து வெடிக்கும். கூரையில் ஓட்டை விழுந்தால் உள்பூச்சு சில பருவங்களில் உதிர்ந்துவிடும். இன்னும் நான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தால் அடுத்த அறிவிப்பு இடிப்பதற்கானதாக இருக்கும். அதோடு பயன்பாடு மாறும்போது கட்டட விதிகளும் மாறுவதால், வெளியேறும் வழி, சக்கர நாற்காலிப் பாதை, தீ அணைப்பு அமைப்பு என்று வாங்குபவர் தலையில் பெருஞ்செலவு விழும். அதற்கு மேல் நிபந்தனையாக அடுக்கினால் வங்கி கடன் தராது, பேக்கரியும் வராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்வேன்: வாகன நிறுத்தம், சரக்கு வண்டி வரும் நேரம். தேவாலயத்துக்கு ஞாயிறு காலை மட்டும் கூட்டம். பேக்கரிக்கு மாவு மூட்டை விடியற்காலையில் தினமும் வரும்.

மூன்றாம் வீட்டுக்காரர்:
மூவருக்கும் நன்றி. இன்று பரோ அலுவலகம் சென்று அந்தப் பட்டியலை நகலெடுத்து வந்தேன். பேக்கரிக்கு இரண்டு வரி கீழே, அதே பக்கத்தில், கார் கழுவும் நிலையமும் வண்டியில் இருந்தபடியே வாங்கிச் செல்லும் கடையும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளாகவே உள்ளன. வாங்கவிருப்பவரிடமே அதைக் காட்டினேன்; அவரும் அதைப் படித்திருக்கவில்லை. நிபந்தனைப் பயன்பாட்டு வழி தமக்கும் சம்மதமே, ஆனால் விதிநூலைத் திருத்தக் காலதாமதம் ஆனால் கொள்முதல் ஒப்பந்தத்தின் கெடு முடிந்துவிடும் என்றார். கெடுவை நீட்டித்துத் தருமாறு மறைமாவட்டத்துக்கு அவரும் தெருவார் ஆறு பேரும் சேர்ந்து நாளை கடிதம் எழுதுகிறோம். பத்திரத்தின் வரைவையும் அதே கடிதத்தில் கேட்கப்போகிறோம்.