பொடிக்குஞ்சு தின்னும் ராஜா மீனுக்கு எவ்வளவு சின்ன லூர் போடுகிறீர்கள்?

ஆலை_ஷிப்ட் எழுதியது:

வணக்கம். ஊர் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, வீட்டில் பெரியவர்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தாய்தான். செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் வேலை. முடிந்ததும் ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு, தோட்டத்துக்குப் பின்னால் ஈயம் (வெள்ளீயம்) தோண்டிய பழைய குட்டைக்குப் போய் ராஜாவுக்கு லூர் (போலி இரை) எறிவேன். வாலில் கண் மாதிரி புள்ளி இருக்குமே, பீகாக் பாஸ், அதைத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாளாக ஒரே கூத்து. எட்டரை மணி வாக்கில் வெயில் ஏறியதும் கரையோரத் தண்ணீர் சலசலவென்று தெறிக்கிறது. பொடிக்குஞ்சுகள் வெளியே துள்ளுகின்றன, பின்னாலேயே ராஜா. 9 செ.மீ. மின்னோ (சின்ன மீன் வடிவ லூர்) போட்டால் கரை வரைக்கும் கூடவே வருகிறது, பார்க்கிறது, திரும்பிப் போய்விடுகிறது. பென்சில் என்கிற குச்சி மாதிரி லூரைச் சீந்தவே மாட்டேன் என்கிறது.

அமெரிக்காவில் பாஸ் பிடிக்கிறவர்கள் ஷாட் என்கிற இரைமீனின் குஞ்சுக் கூட்டம் வரும்போது லூரைச் சின்னதாக்குவதை வீடியோவில் பார்த்தேன். ஆனால் என்னிடம் இருப்பது பெய்ட்காஸ்டிங் ரீல், எறியும்போது ஸ்பூலே (நூல் உருளை) சுழல்கிற, கனமான லூருக்கான வகை. 3 கிராம் லூர் எறிந்தால் காலடியில் விழுகிறது, ஸ்பூலில் சிக்கு. கூட மீன் பிடிக்கிற மச்சான் "பெரிய லூருக்குத்தான் பெரிய மீன்" என்று ஒரே பாட்டு. என்ன செய்யலாம்?

தாமான்_பையன் எழுதியது:

அண்ணே, அளவெல்லாம் பார்க்காதீங்க. ராஜாவுக்கு வேகம்தான். வேகமாகச் சுற்றினால் யோசிக்க நேரமில்லாமல் கடிக்கும். அப்புறம் நிறத்தை மாற்றுங்க, பச்சையும் ஆரஞ்சும் கலந்தது நல்லா ஓடும்.

பழைய_லம்பத்தான் எழுதியது:

தம்பி தாமான் பையன் சொல்வது குஞ்சு இல்லாத நேரத்துக்குச் சரி. பசியோடு சுற்றும் ராஜா வேகமாக ஓடுவதை விடாது. ஆனால் இப்போது அது சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரே மாதிரிக் குஞ்சுகளை வாய் வாயாக அள்ளித் தின்றுகொண்டிருக்கும்போது, அந்த உருவத்தில் இல்லாத எதையும் அது இரையாகவே எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறதே, அதற்கு இதுதான் அர்த்தம்.

முதலில் குஞ்சைப் பாருங்கள். மீன்தொட்டி வலை ஒன்று எடுத்துப்போய்க் கரையோரம் ஒரு வாரு வாரி, உள்ளங்கையில் தண்ணீரோடு வைத்துப் பாருங்கள். அநேகமாக 2 செ.மீ. இருக்கும். உடம்பு கண்ணாடி, அந்தப் பக்கம் ரேகை தெரியும். கறுப்பாக ஒரு கண், வயிற்றில் ஊசி கீறின அளவுக்கு ஒரு வெள்ளிப் பளபளப்பு, அவ்வளவுதான். அதனால் பச்சை ஆரஞ்சை வீட்டில் வையுங்கள். உடம்பு மங்கலாக, கண் மட்டும் எடுப்பாக இருக்கிற லூர் வேண்டும். பார்த்த குஞ்சைத் திரும்ப விட்டுவிடுங்கள்.

அதற்காக 2 செ.மீ. லூர் தேடி அலையவேண்டாம். கொக்கி மாட்டவே இடமிருக்காது. 3 முதல் 4 செ.மீ. போதும். சொல்லப்போனால் குஞ்சைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதே நல்லது. ஆயிரம் குஞ்சுக்கு நடுவில் அச்சு அசலாக ஒன்றைப் போட்டால் நம்முடையதை அது ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? கூட்டத்தின் நடுவிலும் எறியாதீர்கள். ஓரத்திலும் அடியிலும் தனியாகத் தடுமாறுகிற குஞ்சைத்தான் ராஜா முதலில் பொறுக்கும்.

உங்கள் குட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கம் ஈயக்கப்பல் (மிதந்தபடியே ஈயமண் தோண்டும் இயந்திரம்) ஓடிக்கொண்டிருந்தது. 1985-இல் ஈய விலை விழுந்த பிறகு லம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. கப்பல் தோண்டிய குட்டைக்குச் சரிவு கிடையாது, ரெண்டு எட்டு வைத்தால் ஆழம். குஞ்சுகள் ஒண்டுவதற்குக் கரையோரம் ஒரு ஒடுக்கமான மேடுதான் இருக்கிறது. அதனால் குட்டையின் நடுவைப் பார்த்து எறிவது வீண். கரையோடு ஒட்டி, கரைக்கு இணையாக எறியுங்கள். மணல் கரை விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், அடியில் அரித்திருக்கும், மொத்தமாகச் சரியும்.

இனி எறிகிற பிரச்சினை. 1000 அல்லது 2000 அளவு ஸ்பின்னிங் ரீல், யூஎல் (மிக இலகுவான) கோல், பிஇ 0.6 லைன் (மெல்லிய பின்னல் நூல்) இருந்தால் 1.8 கிராம் ஜிக் (கொக்கியிலேயே கட்டிய சின்ன லூர்) தாராளமாகப் போகும். வாங்க மனமில்லையென்றால் இருக்கிற பெய்ட்காஸ்டிங்கிலேயே ஒரு வழி உண்டு. உங்கள் மீன் சீந்தாத அந்தப் பென்சிலை எடுங்கள். பின்கொக்கியைக் கழற்றிவிட்டு, அந்த வளையத்தில் 40 செ.மீ. லீடர் (லூருக்கு முன்னால் கட்டுகிற தனி நூல்) கட்டி, நுனியில் 3 செ.மீ. இறகு ஜிக் ஒன்றைக் கட்டுங்கள். பென்சிலின் கனம் எறிகிற வேலையைச் செய்யும், ஜிக் கடிபடுகிற வேலையைச் செய்யும். விழுவதற்குச் சற்று முன்னால் ஸ்பூலை விரலால் லேசாகத் தடவி நிறுத்தினால் ரெண்டும் நேராக விழும், சுற்றிக்கொள்ளாது. எதிர்காற்று அடித்தால் இதை மறந்துவிடுங்கள்.

விழுந்ததும் ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். நிறுத்தும்போது ஜிக் மெதுவாக இறங்கும். பென்சில் பக்கவாட்டில் இழுபட்டால் உடனே தூக்குங்கள். குஞ்சைத் துரத்தி வந்த ராஜா சில நேரம் முன்னால் போகிற பென்சிலையே இன்னொரு மீன் என்று நினைத்து, அது தின்பதற்குள் நாம் தின்றுவிடுவோம் என்று பாய்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

அந்த வீடியோக்காரர்கள் மிதவைக்குக் கீழே ஜிக்கை அசையாமல் தொங்கவிடுவதும் உண்டு. அதை இங்கே அப்படியே செய்ய வேண்டாம். அவர்கள் பாஸ் வேறு குடும்பம். நம் ராஜா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, தெலாப்பியாவுக்குத்தான் சொந்தம். கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற பகல் மீன். சும்மா தொங்குவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்காது. விருக்கென்று ஒரு அடி, அப்புறம் நிறுத்தம், மறுபடி ஒரு அடி.

தையல்_மிஷின் எழுதியது:

லம்பத்தான் அண்ணே சொன்ன இறகு ஜிக்கைக் கடையில் தேட வேண்டாம் தம்பி, வீட்டிலேயே கட்டலாம். நான் தையல்காரி, வீட்டுக்காரருக்கு நான்தான் கட்டித் தருகிறேன். 6-ஆம் நம்பர் கொக்கி, தண்டு தடிமனாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைச் சேவலின் கழுத்து இறகு ரெண்டு. கொக்கித் தண்டில் வெள்ளி ஜரிகை நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே ரெண்டு இறகையும் வைத்துத் தையல் நூலால் இறுக்குங்கள். இறகு கொக்கியைத் தாண்டி ஒரு நகம் அளவுக்கு நீட்டினால் போதும், அதிகம் விட்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். தலையில் நிறமில்லாத நகப்பூச்சு ரெண்டு முறை பூசிக் காயவிட்டு, கறுப்பு நகப்பூச்சில் குண்டூசித் தலையால் ஒரு கண் வையுங்கள். கண் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

உலர்ந்த இறகைப் பார்த்து மெலிசாக இருக்கிறதே என்று இன்னும் ரெண்டு சேர்க்காதீர்கள். நனைந்தால்தான் உருவம் தெரியும். கட்டினதும் ஒரு கிண்ணத் தண்ணீரில் இழுத்துப் பார்ப்பேன்.

ஆலை_ஷிப்ட் எழுதியது:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி கட்டி, பென்சிலுக்குப் பின்னால் போட்டேன். கடித்துவிட்டது! முதல் நாளே ரெண்டு ராஜா, ஒன்று கிலோவுக்கு மேலேயே இருக்கும். மச்சான் பேச்சைக் காணோம், ஜிக் மட்டும் கேட்கிறான்.

ஆனால் ரெண்டு தொல்லை. கடையில் வாங்கின 4 செ.மீ. மின்னோவையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன், அதன் மூன்றுமுனைக் கொக்கி அப்படியே விரிந்துவிட்டது. இன்னொரு மீன் லீடரைக் கத்தரித்த மாதிரி வெட்டிக்கொண்டு போய்விட்டது. ராஜாவுக்கு அப்படிப் பல் இருக்கிறதா?

பழைய_லம்பத்தான் எழுதியது:

வெட்டினது ராஜா இல்லை, தோமான், கூர்மையான பல்லுள்ள பெரிய விரால் வகை. ராஜாவின் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான், லீடரைத் தேய்க்கும், வெட்டாது. சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து மூச்சு வாங்கிப் போவதைப் பார்த்தால் அது தோமான் குஞ்சு, அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். அந்தப் பக்கம் எறியாதீர்கள். லீடருக்காக மட்டும் சொல்லவில்லை. காவல் மீனைத் தூக்கினால் குஞ்சு முழுக்க மற்ற மீன்களுக்குத் தீனி. ராஜாவும் குஞ்சைக் காவல் காக்கும், ஆனால் அது வந்தேறி மீன். அதை எடுத்துக் குழம்பு வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கொக்கி விரிவதற்கு, மூன்றுமுனையைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள். மாட்டினதும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், லூர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் ஒரு அளவு சின்னதாக்குங்கள். லீடர் 10 பவுண்டு தாங்குவதற்கு மேல் போகவேண்டாம், தடித்தால் இவ்வளவு சின்ன லூர் ஆடாது. லூரை மாட்டுகிற ஸ்னாப் கிளிப்பும் வேண்டாம், வளைய முடிச்சாகப் போட்டு நேரே கட்டுங்கள். டிராக்கை (மீன் இழுத்தால் நூல் விடுகிற ரீல் பிடியை) ஒன்றரை கிலோவுக்கு வையுங்கள். முதல் ஓட்டத்தில் ஸ்பூலை விரலால் அமுக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கொக்கி விரிவது பெரும்பாலும் அங்கேதான். தண்ணீருக்குள் பழைய மரக்கட்டை இருக்கிற மூலையென்றால் மட்டும் கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புங்கள்.

தையல்_மிஷின் எழுதியது:

மச்சானுக்குக் கட்டித் தருவதாக இருந்தால் சேவல் இறகை முதலில் சவர்க்காரம் போட்டு அலசிக் காயவையுங்கள் தம்பி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நகப்பூச்சு பிடிக்காது, ரெண்டு மீனுக்குள் நூல் அவிழ்ந்துவிடும்.