ட்யூப் லைட்டில் கொத்தமல்லி வளர்த்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கமுங்க. கோவை கணபதியில் அடுக்குமாடி வீடு. பால்கனி வடக்குப் பார்த்தது, எதிரே இன்னொரு கட்டடம். வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் சமையல் மேடைக்கு மேலே 20 வாட் எல்இடி ட்யூப் லைட் மாட்டி, கீழே கொத்தமல்லியும் புதினாவும் வைத்திருக்கிறேன்.

புதினாவால் தொந்தரவே இல்லை. உழவர் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நாலு தண்டைத் தண்ணீரில் போட்டு, வேர் விட்டதும் நட்டேன், தளதளவென்று நிற்கிறது. கொத்தமல்லிதான் படுத்துகிறது. தனியாவை இரண்டாக உடைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தொட்டியில் போட்டேன். 10ஆம் நாள் முளைத்தது. அப்புறம் தண்டு நூல் மாதிரி விரல் நீளத்துக்கு ஓடி, இரண்டு விதையிலையோடு அப்படியே சாய்ந்துவிட்டது. மறுபடி விதைத்தும் அதே கதை. சில தண்டுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் பழுப்பாகிச் சுருங்கியும் இருக்கின்றன. அது தண்ணீர் அதிகமானதாலா?

விளக்குக்கும் செடிக்கும் நடுவே ஒன்றரை அடி. தினமும் 8 மணி நேரம் எரிகிறது. வெளிச்சம் போதாமல்தான் நீளுகிறது என்று புரிகிறது. அரை அடிக்கு இறக்கினால் போதுமா, இல்லை 14 மணி நேரம் எரியவிட வேண்டுமா? செடி வளர்க்கவென்றே விற்கும் ஊதா நிற க்ரோ லைட் வாங்கச் சொல்கிறார்கள். சமையலறை அந்த நிறத்தில் இருந்தால் அம்மா உள்ளேயே வரமாட்டார்.

அரிசியும் பருப்பும் சாதத்துக்குக் கிள்ளிப்போட ஒரு பிடி வந்தால் போதுமுங்க. வளர்த்தவர்கள் உங்கள் விளக்கு எத்தனை வாட், எவ்வளவு உயரத்தில் என்று சொல்லுங்கள்.