தமுக்கம் பக்கம் ஆசியப் பண்பாட்டு மையம்: வரைபடம் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது

வடகரைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் காந்தி மியூசியம், அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம், தமுக்கம் மைதானம், கொஞ்சம் தள்ளி உலகத் தமிழ்ச் சங்கம் என்று அந்த வட்டாரமே ஏற்கெனவே மியூசியம் ஏரியா மாதிரிதான். அங்கே 30 சென்ட் இடத்தில் ஓர் ஆசியப் பண்பாட்டு மையம் கட்டலாம் என்று எங்கள் அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. அறக்கட்டளை பதிவாகி ஒரு வருஷம் ஆகிறது.

இப்போதைய யோசனை: தரைத்தளத்தில் காட்சிக்கூடம், அதற்கு மேலே 300 இருக்கை அரங்கம், அதற்கும் மேலே நூலகமும் ஓலைச்சுவடி அறையும். முகப்பில் சீன வளைவு, தாய்லாந்துக் கூரை, நாயக்கர் காலத் தூண் மூன்றும் கலந்து வரும். பாதிப் பணம் உள்ளூரில் சேரும். மீதியைச் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய ஒருவரும் மலேசியத் தமிழர் சங்கம் ஒன்றும் தருவதாகச் சொல்கிறார்கள். இந்தோனேசியாவிலிருந்து கமலான் என்கிற வெண்கல வாத்தியத் தொகுதி ஒன்று அன்பளிப்பாக வரும் என்றும் பேச்சு. மீனாட்சியம்மன் கோயில் பக்கம் உயரக் கட்டுப்பாடு இருக்கிறதே, அது நமக்கும் வருமா? வேறு எங்கே மாட்டிக்கொள்வோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:
உயரம் பிரச்சினை இல்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ. ஆரத்துக்குத்தான் 9 மீட்டர் கட்டுப்பாடு. தமுக்கம் ஆற்றுக்கு வடக்கே, அந்த வட்டத்துக்கு வெளியே. 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டால் உயரமான கட்டடம் என்ற வகையிலும் வராது. தளப்பரப்பு விகிதம் 2. அதாவது 30 சென்ட், 13,068 சதுர அடி இடத்தில் சுமார் 26,000 சதுர அடி வரை கட்டலாம். பக்க இடைவெளியும் வண்டி நிறுத்தமும் அதில் கை வைக்கும். அரங்கம் இருப்பதால் தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்றை ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள். படிக்கட்டின் அகலம், இரண்டாவது வெளியேறும் வழி எல்லாம் வரைபடத்தில் வர வேண்டியவை. கட்டிய பிறகு ஒட்டவைக்க முடியாது.

நீங்கள் மாட்டிக்கொள்ளப் போகிற இடம் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-இல் பதிவு இல்லாமல் அந்தச் சிங்கப்பூர்க்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் மதுரையில் பிறந்தவராகவே இருக்கட்டும், ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருக்கட்டும், குடியுரிமை மாறிவிட்டால் சட்டப்படி வெளிநாட்டு மூலம்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளிநாடுவாழ் ஆள் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது இதில் சேராது. இந்த வித்தியாசம் புரியாமல் ரசீது போட்டுவிட்டுப் பிறகு அலைகிறவர்கள் அதிகம்.

முழுப் பதிவுக்கு 3 வருஷம் இயங்கியிருக்க வேண்டும், கடந்த 3 நிதியாண்டில் முக்கியப் பணிக்கு 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆகவே முன் அனுமதி வழிதான் உண்டு: இன்னாரிடமிருந்து, இந்தத் தொகை, இந்த வேலைக்கு என்று நன்கொடையாளரின் உறுதிக் கடிதத்தோடும் திட்ட அறிக்கையோடும் உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்தாலும் பணம் இறங்குவது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கியதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

கமலானும் இதே கணக்குத்தான். பொருளாக வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. இரவலாக வந்தால் வேறு பேச்சு. எழுத்தில் ‘அன்பளிப்பு’ என்று யாரும் எழுதுவதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள். உள்ளூர்ப் பணத்துக்கு அறக்கட்டளையின் வரி விலக்கு, நன்கொடையாளரின் வரிச் சலுகை (1961 வருமான வரிச் சட்டத்தில் 12ஏ, 80ஜி) இரண்டுக்குமான பதிவை இப்போதே தொடங்கிவிடலாம். கம்பெனிகளிடம் சமூகப் பொறுப்பு நிதி கேட்க வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவுக்கு 3 வருஷம் இயங்கியிருக்க வேண்டும், ஆகவே அது பிறகுதான்.

ஓலையும்_பித்தளையும்:
முகப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாட்டு வாசலை ஒட்டவைத்தால் அது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அந்தப் பணத்தை உள்ளே போடுங்கள்.

தள வரிசை தலைகீழாக இருக்கிறது. காட்சிக்கூடத் தளத்துக்கு சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் பாரம் வைத்து டிசைன் செய்வார்கள். புத்தக அடுக்கு அறைக்கு அது 6-க்குக் குறையக் கூடாது, அலமாரி உயர உயர இன்னும் கூடும். அதை உச்சியில் வைத்தால் அந்தப் பாரம் முழுக்கக் கீழ்வரை தூணிலும் கம்பியிலும் செலவாக இறங்கும். போதாததற்கு மதுரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை சித்திரை, வைகாசியில் கொதிக்கும். ஓலைச்சுவடிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. நூலகம் கீழே வரட்டும். மேலே அலுவலகம், வகுப்பறை போதும். மாடியில் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் கான்கிரீட்டும் அதன்மேல் தட்டு ஓடும் கட்டாயம். வெள்ளைப் பெயின்ட் மட்டும் அடித்துத் தப்பிக்கப் பார்க்க வேண்டாம்.

ஈரப்பதம்தான் பெரிய தலைவலி. இங்கே பங்குனி முதல் வைகாசி வரை காய்ச்சல், ஐப்பசி கார்த்திகையில் ஊறல். நம் ஊரில் நடக்கிற தப்பு எப்போதும் ஒன்றுதான்: பார்வையாளர் போனதும் கரன்ட் பில்லுக்குப் பயந்து சாயங்காலம் ஏசியை நிறுத்துவது. பகலில் 50 சதவீதத்தில் இருந்த ஈரப்பதம் ராத்திரியில் 75-ஐத் தொடும், காலையில் திரும்ப இறங்கும். மரம் விரிசல் விடுவதும், ஓலை நெளிவதும், பித்தளை பச்சை பிடிப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தால். நாள் முழுக்க ஏசி ஓட்ட வசதி இல்லையென்றால் கூடத்துக்கு ஏசியை மறந்துவிட்டு, நல்ல காற்றோட்டமும் இறுக்கமாக மூடிய காட்சிப் பெட்டியுமே மேல்.

பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சித் திரும்ப விடுகிற சிலிக்கா ஜெல். பொது அளவு, பெட்டியின் கன மீட்டருக்கு 20 கிலோ. 1.2 மீட்டர் நீளம், 0.6 அகலம், 0.5 உயரம் உள்ள பெட்டி 0.36 கன மீட்டர், ஆக 7.2 கிலோ வேண்டும். காமிராப் பெட்டியில் போடுகிற சின்னப் பொட்டலம் இரண்டு போட்டுவிட்டு ‘ஜெல் வைத்திருக்கிறோம்’ என்பது கண்துடைப்பு. ஜெல்லை மூட்டையிலிருந்து அப்படியே கொட்டவும் கூடாது. அது எலும்பாகக் காய்ந்திருக்கும், மரப்பொருளின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். முதலில் தேவையான ஈரப்பதத்துக்குப் பழக்கிவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது வேண்டாம்.

துணி, ஓலை, மரத்துக்கு 50-60 சதவீதம் சரி. குளோரைடு பிடித்த வெண்கலத்துக்கு 40-க்குக் கீழே வேண்டும், இல்லாவிட்டால் வெளிர்பச்சைப் பொடி கிளம்பிவிடும். ஆகவே சிலையும் சுவடியும் ஒரே பெட்டியில் கூடாது. பெட்டியைப் பிளைவுட்டில் அடிக்காதீர்கள், அதிலிருந்து வருகிற ஆவி ஈயத்தையும் சங்கு சிப்பியையும் அரிக்கும். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு நல்லது. துணிக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. சுங்குடிச் சேலையை நிரந்தரமாகத் தொங்கவிட்டால் சாயம் போய்விடும். 3 மாதம் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

கடைசியாக, காட்சிக்கூடப் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது சேமிப்பறைக்கு வேண்டும். உங்கள் திட்டத்தில் அப்படி ஒன்று கண்ணிலேயே படவில்லை.

தோல்திரை:
காட்சிக்கூடத்துக்கு மேலே அரங்கம் வேண்டவே வேண்டாம். தவிலும் பறையும் ஜப்பானிய தைக்கோ முரசும் மேலே அதிர்ந்தால் கீழே பெட்டிக்குள் இருக்கிற பீங்கான் மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். அரங்கத்தைத் தனி அடித்தளத்தில் பக்கத்தில் போடுங்கள். இடம் போதாதென்றால் இருக்கையைக் குறையுங்கள்.

300 இருக்கைக்கு நடைவழியோடு ஆளுக்கு 0.75 சதுர மீட்டர் என்றால் 225 சதுர மீட்டர். மேடை 12-க்கு 9, அது 108. ஒப்பனை அறை, வெளிக்கூடம், கழிப்பறை சேர்த்தால் 5,500 சதுர அடியைச் சாதாரணமாகத் தாண்டும். 150 இருக்கையும் சமதளத் தரையும் போதும். கமலானும் தோல்பாவையும் பார்வையாளர் தரையில் உட்கார்ந்து பார்க்கிற கலைகள்.

மேடைத் தரையில் கிரானைட், டைல்ஸ் கூடாது. பரதம் ஆடுகிறவர்களின் முழங்காலும் குதிகாலும் போய்விடும். கான்கிரீட்டின் மேல் ரப்பர் பட்டை, அதன்மேல் மரச்சட்டம், 18 மி.மீ. பிளைவுட், மேலே தேக்குப் பலகை என்று துள்ளல் தரை போடுங்கள். சட்டத்துக்குள் காற்றுப் போக ஓரத்தில் துளை விடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பலகை உப்பிவிடும். எதிரொலி நேரம், அதாவது சத்தம் அடங்க எடுக்கிற நேரம், பேச்சுக்கு ஒரு விநாடிக்குள், கச்சேரிக்கு 1.2 முதல் 1.5 வரை. இரண்டும் வேண்டுமென்றால் பக்கச்சுவரில் இழுத்து மூடுகிற கனத்த திரை போடுவதே மலிவான வழி.

கமலான் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். முழுத் தொகுதி என்றால் ஐந்து சுர ஸ்லெந்த்ரோ, ஏழு சுர பேலோக் என்று இரண்டு தொகுதி. அதை நம் சுருதிப்பெட்டியோடு சேர்க்க முடியாது, ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் சுருதி அதற்குத்தான். ‘கர்நாடக இசையோடு ஜுகல்பந்தி’ என்று நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். வாத்தியத்தைத் தாண்டி நடக்கக் கூடாது, செருப்போடு பக்கத்தில் போகக் கூடாது என்பது ஜாவாக்காரர்கள் கண்டிப்பாகப் பார்க்கிற மரியாதை. புளி போட்டுத் தேய்க்கிற வேலையும் வேண்டாம். உலோகம் தேயத் தேய சுருதி மாறும்.

எல்லாவற்றையும்விட மதுரைக்குப் பொருந்துவது நிழற்பாவைதான். இந்தப் பக்கம் தோல்பாவைக் கூத்து உண்டு, இந்தோனேசியாவின் ஜாவாவில் அதே மாதிரி வாயாங் குலித். இரண்டையும் ஒரே மேடையில் காட்ட முடியும். திரைக்கு 4 மீட்டர் அகலத்தில் வெள்ளைத் துணி, விளக்குத் தொங்கவிட மேலே ஒரு கொக்கி. வாயாங்கில் பாவைகளைக் குத்தி நிறுத்த வாழைத்தண்டு கேட்பார்கள். சோழவந்தான் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், முந்தின நாள் வெட்டின பருமனான தண்டாகப் பாருங்கள். கீழே தார்ப்பாய் விரிக்காவிட்டால் வாழைக்கறை தேக்குப் பலகையில் ஏறி, பிறகு எதற்கும் போகாது.

வடகரைவாசி:
மிக்க நன்றி. அரங்கத்தைப் பிரித்து 150 இருக்கையாக்கச் சொல்லிவிட்டேன். ஓலையும்_பித்தளையும் சார், வெளிநாட்டு மியூசியங்களிடம் பழம்பொருளை இரவல் கேட்டால் தருவார்களா? காட்சிக்கு என்னதான் வைப்பது?

மைப்படி:
அவருக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். இப்போது தரமாட்டார்கள். இரவல் தருகிற மியூசியம் முதலில் கேட்பது கட்டட வசதி அறிக்கையும் ஒரு வருஷத்து வெப்ப, ஈரப்பதப் பதிவும். கட்டி முடித்த அன்றே இரண்டையும் தானாகப் பதிகிற டேட்டா லாகர் கருவி வைத்து, மாதாமாதம் இறக்கிச் சேர்த்து வையுங்கள். அந்தக் கோப்பு இல்லாமல் கடிதம் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று, இங்கே சேகரிப்பு ஆசையில் பழஞ்சிலை வாங்கப் போகாதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்தைத் தாண்டிய சிலை தொல்பொருள், சுவடிக்கு 75 வருஷமே போதும். சிலையைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம். எங்கிருந்து வந்தது என்ற தாள் இல்லாத சிலையை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஓலையும்_பித்தளையும் பெட்டி பெட்டியாகக் கணக்குப் போட்டார். முதல் 5 வருஷத்துக்கு அத்தனை பெட்டி எதற்கு என்பது என் கேள்வி. நகல் கல்வெட்டுகளோடு தொடங்குங்கள். ஆசியாவோடு தமிழுக்குள்ள தொடர்பைச் சொல்ல அதைவிட உறுதியான சாட்சி இல்லை. சீனாவின் சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்–சீனக் கல்வெட்டு. சுமத்ராவின் பாருஸில் 1088-இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டிய கல். தாய்லாந்தின் தகுவாபாவில் குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்லும் கல். அதே நாட்டில் குளோங் தோமில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் எழுதிய கைக்கடக்கமான உரைகல். இலங்கையின் காலி நகரில் கிடைத்துக் கொழும்பு மியூசியத்தில் இருக்கிற 1409-ஆம் ஆண்டு மும்மொழிக் கல், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே பலகையில். இந்த ஐந்தின் முழு அளவு நகலும் பக்கத்தில் வாசிப்பும் வைத்தால் ஒரு கூடம் நிறையும். ஃபைபர் கிளாஸ் வார்ப்புக்குக் காப்பீடு வேண்டாம், ஈரப்பதக் கவலை இல்லை, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம்.

கூடவே கல்வெட்டைத் தாளில் படியெடுத்துக் காட்ட ஒரு மைப்படி மேஜை போடுங்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் குத்திக் குத்தி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்க வேண்டும். முக்கால் ஈரம் காய்ந்த பதத்தில்தான் மைப்பந்தை ஒற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒற்றினால் மை குழிக்குள் ஓடி எழுத்து மூடிக்கொள்ளும். வாரக் கடைசியில் கூட்டம் இதற்குத்தான் நிற்கும்.

சுங்குடிக்கு அடுத்து ஜப்பானிய ஷிபோரி, இந்தோனேசியப் பெலாங்கி என்று முடிச்சுச் சாயத்தில் ஒரு மூலை வையுங்கள். அது புதுத் துணிதான், கடையிலேயே வாங்கலாம். வெளிநாட்டுக் கலைக்குழுக்களுக்கு ஐசிசிஆரின் (இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம்) சென்னை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

ஓலையும்_பித்தளையும்:
நகல் யோசனை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சேமிப்பறையையும் பெட்டி வைக்கிற இடத்தையும் வரைபடத்தில் இப்போதே விடாவிட்டால் 5 வருஷம் கழித்து இரவல் கிடைக்கிறபோது வைக்க இடமிருக்காது.

சரக்குக் கதவு 2.4 மீட்டர் அகலம், 2.7 உயரம் வேண்டும். லாரி பின்பக்கமாக வந்து நிற்க இடம் விடுங்கள். சரக்கு வருகிற மரப்பெட்டியில், பூச்சி சாக 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான கோதுமைக்கதிர் முத்திரை இருக்கிறதா என்று அனுப்புகிறவரிடமே உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிற்கும். வந்து சேர்ந்த பெட்டியை 24 மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை வரவேற்கிற எதிர்சேவை தல்லாகுளம் வழியாக வருவதால் அந்த நாட்களில் லாரி உள்ளே வராது. சரக்கு வரும் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்தே போடுங்கள்.

அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்து. 20 ஈ.சி. குளோர்பைரிபாஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் 19 பங்கு. கட்டடத்தின் அடிமண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 280 சதுர மீட்டர் தளம் என்றால் 1,400 லிட்டர் கலவை, மருந்து 70 லிட்டர். அஸ்திவாரச் சுவரை ஒட்டி மண் நிரப்பும்போது செங்குத்துப் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். மழை பெய்து மண் ஊறியிருக்கிற நாளில் அடித்தால் மருந்து மண்ணில் இறங்காது. காலி கேன்களை எண்ணி வாங்கிவிட்டுத்தான் ஒப்பந்தக்காரர் பில்லில் கையெழுத்துப் போடுங்கள். பிளம்பர் அப்புறம் வந்து குழாய்க்குத் தோண்டினால் அந்த இடத்தில் மறுபடியும் அடிக்க வேண்டும். கரையான் அந்த வழியாகத்தான் ஏறும்.